சந்தனத்துக்கு அடியில் ஓர் இலக்கம்

எங்கள் குடும்பத்தில் படிப்பு ஏறிய ஒரே தலை என்னுடையதுதான் என்பது அம்மாவின் கட்சி. நான் அதை மறுத்ததில்லை. நாலாம் வகுப்பில் ஒன்பதின் வித்தையைக் கற்ற நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு பெரிய எண்ணானாலும் அதன் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்பதால் வகுபட்டால் அந்த எண்ணும் மீதியில்லாமல் வகுபடும். ராகலை பஸ், தேயிலைப் பெட்டி என்று எண் இருந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஆறு இலக்க எண் எழுதிய ஒரு காகிதத் துண்டோடு வந்தார். இலட்சத்தைத் தாண்டிய எண் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது அதுவே முதல் தடவை. விடுவேனா, கூட்டினேன், வகுத்தும் பார்த்தேன்.

“நம்ம நம்பரு ஒம்பதுல சுத்தமா வகுபடுதுப்பா!”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே துண்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

ஆயுத பூசை வந்தது. கொழுந்துக் கூடைக்கும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் அப்பாவின் கவ்வாத்துக் கத்திக்கும், என் சிலேட்டுக்கும் அம்மா சந்தனப் பொட்டு வைத்தாள். அதோடு நின்றிருக்கலாம். வீட்டிலேயே பெரிய பொருள் அந்தத் துண்டுதானே என்று அதற்கும் ஒன்று வைத்தாள், நல்ல ஈரமாக.

விசாரணைக்கு நாள் குறித்துச் செய்தி வந்தபோதுதான் துண்டை எடுத்தோம். எண்ணைச் சொன்னால்தான் கோப்பை எடுப்பார்களாம். அப்பா காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். மூன்றாவது இலக்கமும் கூடவே வந்துவிட்டது. 1, 8, பிறகு மஞ்சள் கறை, அப்புறம் 6, 3, 5.

“ஏழுன்னு நெனைக்கிறேன்” என்றார் அப்பா.

“இல்லீங்க, ஒண்ணு” என்றாள் அம்மா.

“தப்பா சொன்னா வேற யாரோட பைலோ வரும். நாம இல்லாத ஆளாயிருவோம் புள்ள.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கோ எண் மறந்துபோயிருந்தது. மீதி வராத என் பெருமை மட்டும் நினைவிருந்தது. சிலேட்டை எடுத்து மிச்ச இலக்கங்களைக் கூட்டினேன். இருபத்து மூன்று. இருபத்தேழு ஆக வேண்டும்.

“நாலுப்பா! நாலு இருந்தாத்தான் ஒம்பதுல வகுபடும்.”

நம்புவதைத் தவிர அப்பாவுக்கு வேறு வழியில்லை.

நுவரெலியாவில் பிரஜாவுரிமை அலுவல் பார்க்கும் கந்தோரில் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணைச் சொன்னார். எழுதுவினைஞர் உள்ளே போய் ஒரு கோப்போடு வந்து, அப்பாவின் பெயரை வாய்விட்டுப் படித்தார். அப்பாடா! அப்பாவின் கை என் தோளை இறுக்கியது இன்றும் வலிக்கிறது, சுகமாக.

“எங்க பொறந்த?”

“இதே தோட்டத்துலதாங்க. எங்கப்பாவும் அதே லயத்துலதாங்க பொறந்தாரு.”

அவர் எழுதிக்கொண்டார். நான் சுவர்க் காலண்டரின் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோர இருக்கையைத் தந்து, ஏறியவர்களிடமெல்லாம் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னார். பிறந்த மலையில் இருப்பதற்கு அவருக்கு எதற்கு ஓர் எண் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மீதி பூச்சியம் என்றால் கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் நான் படித்திருந்தேன்.