ரெஹிரோல் யாருடைய சொல்?

சியாப்பாஸ் மலையிலிருக்கும் எங்கள் ஊரில் ஊர்ச்சபை உறுப்பினரை ரெஹிரோல் என்போம். கடல் தாண்டி வந்து எங்களை ஆண்ட காஸ்தில்லாக்காரன் கொண்டுவந்த ரெஹிதோர் என்ற சொல்தான் சோட்சில் மொழி பேசும் எங்கள் வாயில் உருண்டு இப்படி ஆனது. என் அண்ணி லோஷாவை ஊர்க்கூட்டம் அந்தப் பதவிக்கு நிறுத்தியது பாதி கேலிக்குத்தான். சோளம் அரைக்கும் மில் நடத்துகிறவள். அந்த இரைச்சலில் பழகி, பக்கத்தில் நிற்பவனிடமும் கத்தித்தான் பேசுவாள்.

அந்தக் கோடையில் மேலூர்க்காரர்கள் ஊற்றிலிருந்து எங்களுக்கு வரும் குழாயை அடைத்துவிட்டார்கள். சோளம் ஊறவைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. கேட்கப் போன ஆண் ரெஹிரோல்கள், கொண்டுபோன குளிர்பானப் பெட்டியை அப்படியே திருப்பித் தூக்கி வந்தார்கள். வாங்குகிறவர் பாட்டிலைத் திறந்தால் சம்மதம், திறக்காவிட்டால் கதை முடிந்தது. இதைவிட அவமானம் எங்கள் பக்கம் கிடையாது.

அடுத்து அண்ணி புறப்பட்டாள். பெட்டி என் தலையில்.

மேலூரில் செல்டால் பேசுவார்கள். எங்கள் மொழிக்குப் பங்காளி, முக்கால்வாசி புரியும். அவர்களுடைய ரெஹிரோல் அலூஷ் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ரெஹிரோல் எங்கம்மா? பின்னால வர்றாரா?"

"நான்தாங்க ரெஹிரோல். தண்ணியில்லாம எங்க மில்லும் நின்னு கெடக்கு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அது எங்க பாட்டன் பூட்டன் சொல்லும்மா. எங்ககிட்டேருந்து எடுத்துட்டுப் போயி, இப்பப் பொம்பளைக்கும் மாட்டி விட்டுட்டீங்களாக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் பாட்டன் சொல் என்று கேட்க வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தாள்.

"உங்க சொல்லாவே இருக்கட்டுங்க. நாங்களும் காலங்காலமா பொழங்குறோம். உங்களுக்கு ஏதாச்சும் கொறஞ்சு போச்சா?"

"சொல்லு எப்படிம்மா கொறையும்?"

"ஊத்தும் அப்படித்தாங்க. நீங்க குடிச்ச மிச்சம் சும்மா பள்ளத்துல ஓடுது. அதக் கொழாயில விடுங்க."

அலூஷ் தாடையைச் சொறிந்தார். "மில்லு நின்னாலும் இவ வாய் நிக்காது போல" என்றார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, பெஞ்சு விளிம்பில் தட்டித் திறந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறங்கி வரும்போது கேட்டேன்.

"அது காஸ்தில்லாக்காரன் சொல்லுன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"தெரியும்டா. மொதல்ல தண்ணி வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

தண்ணீர் மறுநாளே வந்தது. அண்ணி இன்னும் சொல்லவில்லை. சந்தையில் அவளைக் கண்டால் அலூஷ் தன் ஊர்க்காரர்களை விலக்கிவிடுகிறார்.

"தள்ளுங்கப்பா, நம்ம ரெஹிரோல் வருது."