உருண்டை எழுத்து

செங்கம் சாலையில் நான் வாடகைக்கு விடும் அறைகளுக்குப் பெயர்ப்பலகை செய்ய ஒரு ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன். டிசைன் போடுபவர் நரைத்த, ஒல்லியான மனிதர். எதை முடித்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசல்வரை பின்னால் போய் நின்று திரையைப் பார்ப்பார்.

எனக்கு, 'ட'வின் மூலைகூட மழுங்கிய உருண்டை எழுத்தைப் போட்டார். "தங்க வர்றவங்களுக்கு இதாங்க நல்லாருக்கும். கூரா இருக்கறத அஞ்சலி பேனருக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றார்.

பலகையை வாங்கப் போன அன்று, திரையில் அதே உருண்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது.

"அஞ்சலிக்கு வேற எழுத்துன்னீங்களே?" என்றேன்.

"இது கொழந்தைக்குங்க. மூணு வயசு" என்றபடி கண்ணாடியைக் கழற்றி வாசலுக்குப் போனார்.

அன்று அவர் கண்ணாடியைத் திரும்பப் போட வெகுநேரம் ஆனது.