திராட்சைத் தோல் உரித்தவள்

சில வருடங்களுக்கு முன், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நான் லேப்ராஸ்கோப்பி கற்றுக்கொண்டிருந்தபோது தொடங்கியது இது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன் அது. புதியவர்களை எடுத்தவுடன் நோயாளிமேல் கைவைக்க விடமாட்டார்கள். மூடிய பெட்டிக்குள் கேமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே நீளக் கருவிகளால் திராட்சைத் தோலை உரிக்க வேண்டும். கையை இடப்பக்கம் அசைத்தால் கருவியின் முனை வலப்பக்கம் போகும். பெரிய மார்க்கெட்டில் வாங்கி வந்த பழமெல்லாம் என் கையில் கூழாகிக்கொண்டிருந்தது.

என்னோடு சேர்ந்தவள் ஒருத்தி, ஊருக்குள்ளேயே சாரம் பகுதிக்காரி. அவளும் என்னைப்போல் புதியவள்தான். ஆனால் அவள் உரித்தால் தோல் முழுசாகக் கழன்று வரும், பழத்தில் ஒரு கீறல் இருக்காது. எனக்கு வயிறு எரியும். ஒருவர் பழகும்போது இன்னொருவர் கேமரா பிடிப்பது அங்கே வழக்கம். எனக்கு வாய்த்த ஜோடி அவள்தான். இந்தத் தடவையாவது நசுங்காதா என்று திரையைவிட்டுக் கண் எடுக்காமல் காத்திருப்பேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டேன்டி" என்பாள். காட்டுவேன். நசுங்காது.

முதல் நிஜ ஆபரேஷன் வாய்ப்பும் அவளுக்கே போனது. அன்று கருவடிக்குப்பத்தில் இருந்த என் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பிறகு இருவரும் அங்கேயே வேலையில் சேர்ந்தோம். போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வீட்டு ஆட்களுக்கு நாங்களே ஆபரேஷன் செய்வதில்லை என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்ன டாக்டருக்குப் படிக்க வெச்சது இதுக்குத்தானா? சரி, வேற யாரு பண்ணுவாங்க?"

அனுபவமுள்ள சீனியர்கள் இருந்தார்கள். ஆனால் என் வாயில் வந்தது அவள் பெயர். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது.

அவளிடம் போய்க் கேட்டபோது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னைய உனக்குப் புடிக்காதுன்னு நெனச்சேன்."

"புடிக்காதுதான்" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அம்மா எழுந்து நடந்தார். வார்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அந்தப் பொண்ணுக்கு இன்னா கை!" என்று ஒரே புகழ்ச்சி. என்னை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மறுபடியும் வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது. ஆனால் அவள் எப்போது தவறுவாள் என்று அத்தனை நாள் கண் கொட்டாமல் பார்த்திருந்தவள் நான். அதனால்தான் அம்மாவை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, தியேட்டருக்கு வெளியே என்னால் பயமில்லாமல் உட்கார்ந்திருக்க முடிந்தது.