மடித்து வைத்த இலை

செல்லாயிக்கு வாய் நீளம். மலாயாவில் செமோருக்கு அந்தப் பக்கம் இருந்த மூங்கிலாத்து ரப்பர் தோட்டத்தில் இதை ஒத்துக்கொள்ளாத ஆளே இல்லை. மரம் சீவும்போது அவள் கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். பால் நிறுக்கிற இடத்தில் யாராவது தராசில் விளையாடினால், அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து நாறடித்துவிட்டுத்தான் வாளியை எடுப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் கிடந்தாள் என்றால் காரணம் சின்னதாக இருக்குமா?

காரணம் அவள் புருஷன் சீனி. ஊரைப் பொறுத்தவரை அவன் ஓடிப்போனவன். சயாமில் ரயில் பாதை போட சப்பான்காரன் ஆள் பிடித்தபோது சீனியின் பெயரும் கூப்பிடப்பட்டது. லாரி வந்த காலையில் ஆளைக் காணோம். கணக்கில் ஒரு தலை குறைந்தால் விட்டுவிடுவார்களா? பக்கத்து வீட்டு ராமையாவைப் பாயிலிருந்து எழுப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் பெண்டாட்டி மாரியம்மா கைப்பிள்ளையோடு லாரிக்குப் பின்னால் ஓடினாள். அன்றிலிருந்து அவள் செல்லாயியின் முகத்தில் விழிப்பதில்லை. அதில் என்ன தப்பு இருக்கிறது? என் புருஷனாக இருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஆனால் சீனி எங்கும் ஓடவில்லை. தோட்டத்து எல்லையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய மாதாகோயில் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை ஒட்டி, சுற்றுச்சுவர் போட்ட கல்லறைத் தோட்டம். முதன்முதலில் ஈயம் தோண்ட வந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்த துரைமார்களும் அவர்களுடைய பிள்ளைகுட்டிகளும் அங்கே படுத்திருந்தார்கள். அதில் ஒரு பெரிய துரைக்குச் சின்ன வீடு மாதிரியே கல்லில் கல்லறை கட்டி இரும்புக் கதவும் வைத்திருந்தார்கள். சீனி குடியிருந்தது அதற்குள்தான். சுள்ளி பொறுக்கப் போகிற சாக்கில் அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கல்லறைக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவாள் செல்லாயி. இரண்டு வார்த்தை பேசக்கூடப் பயம்.

கிழங்கானாலும் சீனிக்கு இலை வேண்டும். லயத்து வீடுகளில் எல்லோரும் மங்குத் தட்டில் சாப்பிட்ட காலத்திலேயே அவன் கொல்லையில் வாழையிலை நறுக்கி வந்துதான் உட்காருவான். தின்று முடித்ததும், கல்யாணப் பந்தியில் செய்வதுபோல மேல் பாதியைத் தன் பக்கமாகப் பதவிசாக மடிப்பான். "தினம் தினம் என்ன கல்யாண வீடா நடக்குது இங்க?" என்று செல்லாயி கேலி செய்வாள். "எழவு வீட்டுலதாண்டி அந்தப் பக்கம் மடிக்கிறது. நம்ம பக்கம் மடிச்சா உறவு விட்டுப்போகாது" என்பான் அவன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒருநாள் மண் விழுந்தது. லயங்களைப் பட்டாளத்துச் சாமான் வைக்க எடுத்துக்கொள்ளப் போவதாகவும், எல்லோரும் காலி பண்ண வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. போக இடம்? ஒரு பக்கம் ஈயக்குட்டை, இன்னொரு பக்கம் மரத்தை வெட்டி மரவள்ளி போட்ட நிலம். மேட்டு நிலமாக மிச்சம் இருந்தது கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிய துண்டுதான். தோட்டத்துக் கோயிலில் பூசை பார்ப்பவரும், தலைக்கட்டுகளுக்காகப் பேசுகிறவருமான சன்னாசி, ஈப்போ ஆபீசுக்கு நடையாய் நடந்து, அங்கே அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார்.

ஆபீசிலிருந்து வந்தவர் சொக்கநாதன் கிராணி. ஆபீசுக் கணக்குப்பிள்ளை. கையில் சப்பான் துணிப்பட்டை, சைக்கிளில் பளபளக்கிற மணி. சயாமுக்குப் பெயர் வாசித்ததும் அவர்தான். அவரைக் கண்டாலே பிள்ளைகள் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"சப்பான் துவான் சரின்னுட்டாரு. ஆனா சமாதி இருக்குற எடம். நாளைக்குப் பேயி, பிசாசுன்னு ஒருத்தன் வந்து அழுதாலும் எடத்தைப் புடுங்கி மரவள்ளி போட்டுடுவேன். இப்பவே சொல்லிடுங்க. யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா?"

செல்லாயி சுவர்ப் பக்கம் பார்த்தாள். சுவரை ஒட்டி வீடுகள் வந்தால் மரம் வெட்டுகிறவன், கல் பொறுக்குகிறவன், பந்து தேடுகிற பிள்ளை என்று யாராவது ஒருவர் அந்த இரும்புக் கதவை இழுத்துப் பார்ப்பார்கள். அதோடு சீனி கதை முடிந்தது.

"எனக்கு இருக்கு. செத்தவங்க பக்கத்துல குடியிருக்க முடியாது. அவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

ஒரு வருஷம் கழித்துத் திறந்த வாய், இதற்கா திறக்க வேண்டும்? ஆளாளுக்கு அவள்மேல் பாய்ந்தார்கள். "பிள்ளைங்கள ரோட்டுலயா போடச் சொல்றே?" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். மாரியம்மா மட்டும் காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

சன்னாசிதான் வழி சொன்னார். "செத்தவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னுதானே சொல்றா? அவங்களையே கேட்டுருவோம்லா. இன்னிக்குப் பொழுது சாய உள்ள ஒரு படையல் போடுவோம். விடியிறதுக்குள்ள சோறு போயிருந்தா சம்மதம். அப்படியே கெடந்தா இல்ல. நாய் இழுத்து இலை கிழிஞ்சிருந்தாலும் இல்லதான். ஆட்சேபணை சொன்னவளே ஆக்கட்டும்."

வெள்ளைக்காரப் பேய்க்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்குமா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. கிராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "காலையில வாரேன். முடிவு சொல்லிடுங்க" என்று மணியை அடித்துக்கொண்டு போனார்.

அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்கான காலம் அது. வீட்டுக்கு ஒரு பிடியாக, மூட்டை இடுக்கிலும் குழந்தைக்குக் கஞ்சி வைக்கவும் ஒளித்திருந்த அரிசியெல்லாம் வெளியே வந்தது. மாரியம்மாவும் ஒரு பிடி கொண்டுவந்து, செல்லாயியைப் பார்க்காமல் சுளகில் போட்டாள். செல்லாயி ஆக்கினாள். சோறு பொங்கிய வாசனைக்குப் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி வந்து நின்றன. அவள் கண்ணில் நீர் முட்டியது. புகையால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

படையலை வைத்தது சன்னாசி. தட்டையான ஒரு கல்லறைக் கல்லின்மேல் தலைவாழை இலை விரித்து, சோறும் குழம்பும் போட்டு, சூடம் கொளுத்திவிட்டு வந்தார். விடியும்வரை அந்தப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது என்று கட்டளை.

செல்லாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அனுமதி வருமுன்பே குடிசைக்கு இடம் பார்க்கிறோம் என்று ஆட்கள் அங்கேயே சுற்றியதால், சில நாளாக அவளால் சீனிக்குக் கிழங்குகூட வைக்க முடியவில்லை. பசியில் கிடக்கிறவனுக்கு அவளுடைய கருவாட்டுக் குழம்பு வாசம் தெரியாதா? தனக்காகத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைப்பான். தின்னாதே என்று எப்படிச் சொல்வது? இருட்டியதும் நழுவிப் போய்விடலாம் என்று எழுந்தாள். ஆனால் லயத்து வாசலில் மாரியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை அனலாய்க் கொதித்தது. அவள் ஆடவும் இல்லை, அசையவும் இல்லை, கண்ணும் மூடவில்லை. ராமையாவை இழந்தவள் கண் முன்னால் சீனியிடம் போக முடியுமா? செல்லாயி சுவரில் சாய்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் சைக்கிள் மணி கேட்டது. கிராணி முன்னால் போக, தோட்டமே பின்னால் போனது.

தூரத்திலிருந்தே தெரிந்தது, கல்லின்மேல் சோற்றுக் குவியலைக் காணோம். "சம்மதம்! சம்மதம்!" என்று சன்னாசி கையைத் தூக்கினார். பெண்கள் குலவையிடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

கிராணி சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். இலை மேலிருந்து கீழாக, வரப்புக் கட்டினாற்போல மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஏன்யா, வெள்ளைக்காரத் துரை இலையில சாப்பிட்டு மடிச்சும் வெப்பானா?" அவர் நிமிர்ந்து இரும்புக் கதவைப் பார்த்தார். "உள்ள எவனோ இருக்கான். நம்ம ஆளு."

குலவை அறுந்தது. செல்லாயி வாயைத் திறந்தாள். வாழ்நாளெல்லாம் ஓடிய அந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. கிராணி கதவை நோக்கி நடந்தார்.

"நாந்தான் தின்னேன், கிராணி ஐயா."

மாரியம்மா. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாந்தான். பசி பொறுக்கல. விடியிறதுக்கு முன்ன வந்து தின்னுட்டேன். பழக்க தோசத்துல மடிச்சிட்டேன்."

கிராணி திரும்பி வந்து ஓங்கி ஒரு அறை விட்டார். பிள்ளை வீறிட்டது. சன்னாசி தலையில் அடித்துக்கொண்டார். "சாமி சோத்தத் தின்னவ வெளங்குவாளா?" என்று மண்ணை வாரித் தூற்றியவளே காறித் துப்பினாள். துப்பியவள் வீட்டுப் பிள்ளையின் கஞ்சி அரிசியும் அந்தச் சோற்றில் இருந்ததல்லவா? மாரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் வாசற்படியை விட்டு ஒரு அடி நகரவில்லை என்பது செல்லாயி ஒருத்திக்குத்தான் தெரியும்.

கிராணிக்கு எரிச்சல் போய்ச் சிரிப்பு வந்தது. "பேயும் இல்ல, பூதமும் இல்ல. பசிதான் பேயி. போயி வீட்டக் கட்டுங்க. இனி எவளாச்சும் ஆட்சேபணைன்னு வந்தா தோலை உரிச்சிடுவேன்" என்று அனுமதிச் சுராட்டுக் காகிதத்தில் முத்திரையைக் குத்தி சன்னாசி கையில் திணித்துவிட்டுப் போனார். பசித்தவள் தின்றதற்குச் செத்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சன்னாசியும் ஒருவழியாகச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்று குழாயடியில் செல்லாயி மாரியம்மாவின் காலில் விழப் போனாள். மாரியம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"எந்திரிக்கா. ஒன் மேல இருக்குற கோவம் போகல. போகவும் போகாது. சீனி அண்ணே எப்படி மடிப்பாருன்னு எனக்குத் தெரியாதா, பக்கத்து வீட்டுல இருந்தவளுக்கு? ஆனா இப்பிடி உக்காந்து வாசலைப் பாக்குறதுக்கு இந்தத் தோட்டத்துல நான் ஒருத்தி போதும்."

வீடுகளைப் பங்கு பிரித்தபோது, சுவரை ஒட்டிய குடிசையை மாரியம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். படையல் சோற்றைத் தின்ற பாவி என்பதால் மற்றவர்கள் அவள் வீட்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. அது நல்லதாகவே போயிற்று. சப்பான்காரன் போகும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் கிழங்கு போனது அவள் கையால்தான்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த மாதத்தில் சீனி தாடியும் சடையுமாக வெளியே நடந்து வந்தான். ஊரே அரண்டது. அப்போதுதான் இலை விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. துப்பியவள் வந்து மாரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சயாமிலிருந்து அங்கொருவர் இங்கொருவராகத் திரும்பி வந்தார்கள். ராமையா வரவில்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. மாரியம்மா தாலியைக் கழற்றவில்லை.

லாரி வந்த அந்த நாளில் வருஷா வருஷம் செல்லாயி சோறாக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து, ராமையாவுக்கென்று அந்தச் சுவர்மேல் ஒரு இலை போடுவாள். காலையில் இலை வைத்தபடியே கிடக்கும். சோறு காய்ந்து எறும்பு மொய்க்கும். மாரியம்மா வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்து எடுத்துக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை, வாய் நீளமான செல்லாயிகூட.