காக்பிட்டில் இருந்த முகம்

என் தம்பி கடலில் காணாமல் போனான். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் அவனுக்கு வேலை. ஒரு நாள் காலை டியூட்டிக்கு வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள், பிறகு கப்பலைத் திருப்பிக் கடலிலும் தேடினார்கள். மும்பையிலிருந்து ஏஜென்ட் போன் செய்து, காணவில்லை என்றார். அந்த ஒரு சொல்லை அம்மா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் காரியம் செய்யச் சொன்னார்கள். அம்மா மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “காணோம்னுதானுங்க சொன்னாங்க. செத்துப்போயிட்டான்னு ஆராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டாள். அவன் போன் நம்பருக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்தாள். கொல்லங்கோட்டில் அந்த ரீசார்ஜ் கடைக்காரரைப் பார்த்தாலே எனக்குக் கூசும். அவரும் என்னைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

அவன் இல்லை என்று அம்மா வாயால் ஒரு தடவை வந்துவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. வராத ஒருவனுக்காகத் தினமும் கதவைத் திறந்து வைக்கும் வீட்டில் எத்தனை காலம்தான் குடியிருப்பது? ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எனக்கும் தைரியம் கிடையாது. ஏனென்றால் அவன் இல்லை என்று நானும் முழுசாக நம்பவில்லை.

கடைசி லீவுக்கு வந்தபோது அவன் பெட்டியில் ஒரு பெட்ரோல் எஞ்சின் கொண்டுவந்திருந்தான். மாதிரி விமானத்துக்கான எஞ்சின். சின்ன வயதிலிருந்து இரண்டு பேரும் தெர்மாகோல் விமானங்களை வயலில் ஓட்டியவர்கள். பெரிதாக ஒன்று செய்ய வேண்டும், உலகப் போரில் பறந்த ஹரிக்கேனை நாலில் ஒரு பங்கு அளவில் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. “அடுத்த தடவ நான் வர்றப்ப பறக்கோணும், ரெடி பண்ணி வெய்ங்ணா” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் நெல் அறுவடை, தேங்காய் வெட்டு என்று சாக்குச் சொல்லிக்கொண்டு எஞ்சினைப் பரண்மேல் போட்டுவைத்தேன். அவன் காணாமல் போன பிறகுதான் கீழே இறக்கினேன். கட்டாமல் விட்டால் அவன் வரமாட்டான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

முன்னறை பட்டறையானது. விமானத்தின் பிளானைப் பாலக்காட்டில் ஒரு பிளக்ஸ் கடையில் அடித்து வாங்கினேன். கல்யாண பேனர்களுக்கு நடுவே அது மிஷினிலிருந்து இறங்கியபோது, “எந்த ஊர்ல சார் இந்த பங்ஷன்?” என்று கேட்டார்கள். பால்சா மரம், பிளைவுட், பசை. இறக்கை இரண்டையும் சேர்த்தால் பத்தடி. கட்டிலை வெளியே போட்டதற்கு என் மனைவி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுடைய இஸ்திரிப் பெட்டியை எடுத்து இறக்கைத் துணியைச் சுருக்கம் போகத் தேய்த்த அன்று நிஜமாகவே சண்டை வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அரிக்கேன் வெளக்குக்கு இத்தாப் பெரிய றெக்கைங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்.

இந்த அளவில் செய்கிறவர்கள் காக்பிட்டைக் காலியாக விடமாட்டார்கள். வெறும் கண்ணாடிக்குள் யாரும் இல்லாமல் பறந்தால் தரையிலிருந்து பார்க்கவே விமானம் செத்துக் கிடப்பது போலத் தெரியும். அதனால் பைலட் பொம்மை வேண்டும். கோயம்புத்தூரில் வாங்கியது ஒரு வெள்ளைக்காரன். கன்னம் சிவந்து, கண் நீலமாக, பல்பொடி விளம்பரத்தில் வருகிறவன் போல இருந்தான். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. எபாக்ஸி மாவை அப்பி முகத்தை மாற்றினேன். கன்னத்தைக் குறைத்தேன், மாநிறம் பூசினேன், மீசை வைத்தேன். மூக்கை அராவும்போது அரம் வழுக்கி, மூக்கு கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. திருத்திக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் அம்மா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். “மூக்கு செரியா வந்திருக்குது” என்றாள். அப்படியே திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தம்பிக்கு ஒரு தடவை கிரிக்கெட் பந்து பட்டு மூக்கு சாய்ந்துவிட்டது. அம்மா சொன்ன பிறகுதான் பொம்மையின் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். போட்டோவைப் பார்த்துச் செய்திருந்தால்கூட அத்தனை அச்சாக வந்திருக்காது. சத்தியமாக நான் அவனைச் செய்ய உட்காரவில்லை. என் கைக்கு அவன் முகம் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மாற்றிவிடலாம் என்று அரத்தை எடுத்தேன். அந்த மூக்கில் வைக்க முடியவில்லை.

அதற்கப்புறம் முன்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. நான் அணைப்பேன், அரைமணி கழித்து வந்து பார்த்தால் ஓடும். யார் போட்டது என்று கத்தினேன். “அவனுக்குப் புழுக்கம் ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?” என்றாள் அம்மா, கீரை ஆய்ந்தபடியே. பிறகு ஒரு நாள் கரண்ட் போய் விசிறி நின்றபோது, நானே எழுந்து போய்க் காக்பிட் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பறக்கவிடும் முன் ரிமோட்டில் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். சிக்னல் அறுந்துபோனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பது; பெயில்சேப் என்பார்கள். எஞ்சினை நிறுத்து என்று சொன்னால், அது அங்கேயே விழும். கடைசியாகக் கேட்டபடியே போ என்று சொன்னால், போய்க்கொண்டே இருக்கும். நிறுத்து என்றுதான் சொல்ல வேண்டும். இது விவரம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். யார் தலையிலாவது விழுவதைவிட நம் கண்ணுக்கு முன்னால் வயலில் விழுவது மேல். நான் அந்த இடத்துக்கு வந்து விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, விழு என்று என்னால் சொல்ல முடியவில்லை. போ என்று வைத்தேன்.

இரண்டாம் போகம் அறுத்து வயல் காய்ந்ததும் டிராக்டரால் ஒரு பட்டையை அழுத்தி ஓடுதளம் செய்தேன். உதவிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் வந்தார். மாதிரி விமானம் ஓட்டுவதில் எனக்குப் பழக்கமானவர். “ஏனுங்ணா, பெயில்சேப் போட்டாச்சுங்களா?” என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். அது பொய் இல்லை. அம்மா பனைமரத்து வரப்பில் வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை.

அது எழும்பியதைப் பற்றி என்ன சொல்வது. நன்றாகப் பறந்தது. எஞ்சின் சத்தம் வயல் முழுக்க நிறைந்து, தெற்கே மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தலைக்கு மேல் ஒரு தடவை தாழப் போனபோது கண்ணாடிக்குள் அந்தத் தலை தெரிந்தது. நண்பர் கைதட்டினார். இரண்டு சுற்று முடித்து, மூன்றாவதில் மலையைப் பார்த்து நேராக விட்டு, திருப்பலாம் என்று குச்சியை நகர்த்தினேன். திரும்பவில்லை. சிக்னல் அறுந்து ரிமோட் கத்த ஆரம்பித்தது.

நண்பர் ரிமோட்டைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார். “எஞ்சின் நிக்குமுங்ணா, பயப்படாதீங்க, இப்ப நின்னுரும்” என்று கத்தினார். நிற்கவில்லை. உள்ளே வைத்திருந்த கைரோ இறக்கையை ஆடாமல் பிடித்துக்கொள்ள, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியபடி நெல்லியாம்பதிப் பக்கம் போனது. மலையில் மோதும் என்று பார்த்தோம். மலைக்கு மேல் ஏறிவிட்டது. நண்பர் ரிமோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சத்தம் நின்ற பிறகும் அம்மா நெற்றிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“பெட்ரோல் எத்தன நேரம் தாங்கும்?” என்று கேட்டாள்.

“இன்னொரு கால்மணி நேரம் தாங்குமுங்மா.”

“அப்பறம்?”

விமானம் எங்கே என்று கேட்டவர்களிடம் காணோம் என்றுதான் சொல்ல முடிந்தது. வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது நாக்கு கசந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பே ஒருவன் அப்படித்தான் இருந்தான்.

முதல் சில வாரங்கள் பேப்பரைக் கையில் எடுக்கவே பயந்தேன். தேயிலை கிள்ளுகிறவர்கள் மேல் விழுந்திருக்குமோ, லயத்து வரிசை வீட்டுக் கூரையில் விழுந்திருக்குமோ. அப்படி எதுவும் வரவில்லை. பிறகு வேறு தொல்லை தொடங்கியது. தூரத்தில் புல்வெட்டும் மிஷின் ஓடினால் நிமிர்ந்து மலையைப் பார்ப்பேன். அறுவடை மிஷின், மரம் அறுக்கும் மிஷின்வாள், எது ஓடினாலும் அதுதான். திரும்பினால் அம்மாவும் முற்றத்தில் நின்று அதே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விடுவோம். விமானம் போன பிறகும் முன்னறையில் விசிறி ஓடியது. காலி மேஜைக்கு மேல். அந்த அறைக்குள் போக எனக்குக் கால் வரவில்லை.

மழை தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து ஒரு போன் வந்தது. இறக்கைக்குள் என் நம்பரை ஒட்டியிருந்தேன். நெல்லியாம்பதியில் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண். “அண்ணே, உங்க பிளேன் ஒண்ணு எங்க காப்பிக் காட்டுல கெடக்கு. ரொம்ப நாளாச்சு போல. செடி வெட்டப் போனப்பதான் பாத்தோம்” என்றார். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். “போய்க் கூட்டீட்டு வா” என்றாள். எடுத்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை.

போத்துண்டி தாண்டி மலையேறும் வழி முழுக்க என்ன பார்க்கப் போகிறோம் என்ற நினைப்புதான். அந்தப் பெண் லயத்து வாசலில் காத்திருந்து கூட்டிப்போனார். ஐம்பது வயது இருக்கும். வேகமாக நடந்தார். விமானம் ஒரு சில்வர் ஓக் மரத்தில் அடிபட்டுக் காப்பிச் செடிகளுக்குள் விழுந்திருந்தது. துணி மக்கிப்போய், மரச்சட்டங்கள் வெளியே தெரிந்தன. எஞ்சின் துருப்பிடித்து இறுகியிருந்தது. காக்பிட் கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

“இதுல ஒரு பொம்மை இருந்துச்சே” என்றேன்.

அந்தப் பெண் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். “இருந்துச்சுண்ணே. கோவிச்சுக்காதீங்க. மொகம் இருந்துச்சு பாத்தீங்களா, அது பொம்ம மொகம் மாதிரி இல்ல. யாரோ பெத்த பிள்ளை மாதிரி இருந்துச்சு. அத மழையில போட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. எங்க வீட்டுக்காரரு குழி வெட்டினாரு. ஒரு வெள்ளத்துணி சுத்தி வச்சோம்.”

மரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்மேடு. மேலே ஒரு கல். ஒரு செம்பருத்திப் பூ, அன்று காலை வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். நான் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். தம்பி காணாமல் போன நாளிலிருந்து அழாத அழுகை. அந்தப் பெண் பக்கத்தில் வந்து, “தோண்டி எடுத்துத் தரவாண்ணே?” என்றார். வேண்டாம் அக்கா என்றேன். எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு இறங்கினேன்.

கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது அம்மாவிடம் சொல்ல ஆயிரம் பொய் யோசித்தேன். உடைந்துவிட்டது, யானை மிதித்துவிட்டது, யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எனக்குப் பின்னால் பார்த்தாள். பொய் எதுவும் வாயில் வரவில்லை. மரத்தில் மோதியதைச் சொன்னேன். குழி வெட்டியதைச் சொன்னேன். வெள்ளைத் துணியைச் சொன்னேன். இனி என்னைத் திட்டுவாள், மலைக்குக் கிளம்பு, போய் எடுத்துக்கொண்டு வருவோம் என்பாள் என்று காத்திருந்தேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“தல எந்தப் பக்கம் வெச்சாங்க?”

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அம்மா என் போனைக் கண்ணால் காட்டினாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, போனை அம்மா காதில் வைத்தேன்.

“ஏனுங்க அம்மிணி, நான் அவனோட அம்மா பேசறனுங்க” என்றாள். தலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. “தெக்கதாம்மா வச்சோம். எங்களுக்குத் தெரியாதா?”

“நல்லா இருங்க” என்று சொல்லி அம்மா போனை என்னிடம் கொடுத்தாள். எழுந்து பின்வாசல் வழியாக நடந்தாள். தண்ணீர்த் தொட்டியண்டை போய், கட்டிய சேலையோடு ஒரு குடம் மொண்டு தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். இன்னொரு குடம் மொண்டாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

“வா சாமி. நீயும் தல முழுகோணும்” என்றாள்.

போய்க் குனிந்தேன்.