சாயம் மங்கிய ஜப்பான் கிழவி

நன்னிலம் துரைராசுவுக்குக் கொஞ்சம் நஞ்சை, ஒரு போர்செட், எல்லாவற்றுக்கும் மேல் ஜப்பான் பொம்மைப் பைத்தியம். அந்தக் காலத்தில் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பலில் வந்து, பழைய வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் பீங்கான் பொம்மைகளுக்காக நாகப்பட்டினம் தொடங்கி அதிராம்பட்டினம் வரை அலைவார். நடவு வேலையைக்கூட மனைவி தலையில் கட்டிவிட்டுப் பஸ் ஏறுகிற மனுஷன்.

சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவன் நல்ல மாட்டைக் கண்டால் விலை குறையட்டும் என்று முகத்தைச் சுளிப்பானே, அதே வித்தைதான் இவருக்கும். பிடித்த பொம்மையை வாய்க்கு வந்தபடி மட்டம் தட்டுவார். பெரும்பாலும் பலித்தது.

அவரிடம் தூண்டிலோடு உட்கார்ந்த ஜப்பான் கிழவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ஜோடியான கிழவி, கையில் மீன்கூடையோடு, மன்னார்குடி ரெங்கம்மாள் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மையின் கடைக்குப் பக்கத்தில் நின்றாள். மெல்லிய கோடுகளால் தீட்டிய முகத்தில் ஒரு களைத்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே வருஷா வருஷம் துரைராசு கொலு பார்க்கப் போவார். சுண்டலை மென்றுகொண்டே, "என்னம்மா இது, சாயம் மங்கி மூஞ்சியே தெரியல. எங்கிட்டயாவது குடுத்துடு" என்பார். கொலுப் பொம்மையை வெளியே கொடுக்கிற வழக்கமில்லை என்று அவள் சிரித்து மழுப்புவாள்.

இந்த வருஷம் ரெங்கம்மாள் சென்னையில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறாள். "அந்தப் பொம்மையை உங்களுக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன், வாங்கண்ணே" என்று போன் செய்தாள். துரைராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. அலமாரியில் கிழவனுக்குப் பக்கத்தில் இடம் ஒழித்துவிட்டுக் கிளம்பினார்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பொம்மை வந்தது. பளபளவென்று பச்சைச் சேலை, சிவந்த உதடு, காதுவரை மை தீட்டிய கண், நெற்றியில் பொட்டு. அந்தக் களைத்த சிரிப்பைத் துரைராசு தேடிப் பார்த்தார்; காணோம்.

"பொம்மை செய்யறவர்கிட்ட குடுத்து, உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சு, எனாமல் அடிச்சு வாங்கினேன்" என்றாள் ரெங்கம்மாள். கொலுவுக்கு முன்னால் மண்பொம்மைகளுக்குச் செய்கிற அதே வேலைதான்.

"பழசாவே குடுத்திருக்கலாமேம்மா..."

"நல்லா இருக்கே! மூஞ்சியே தெரியலன்னு வருஷா வருஷம் சொன்னது நீங்கதானே? அப்படியே தூக்கிக் குடுக்க மனசு கேக்கலண்ணே."

பாவம், ஆசையாகத்தான் செய்திருக்கிறாள். அவளைத் திட்ட வழியில்லை. உப்புத்தாளை அவள் கையில் கொடுத்ததே தன் வாய்தான் என்று அவருக்கு நெஞ்சு வெந்தது. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த முகம் பிழைத்திருக்கும்.

"எப்படி இருக்குண்ணே? சொல்லுங்க."

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கிழவியை அவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அன்றைக்குத்தான்.