நான்கு கலயம் அவரை

“பொட்டப்புள்ள நாலெழுத்து படிச்சு வூட்டுக்கு என்னத்தக் கொண்டாரப் போவுது?” என்று பெரியப்பா என்னிடம் கேட்டது, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். தன் அண்ணனைக் கேட்காமல் அப்பா எதையும் செய்யமாட்டார். பள்ளிக்கூடம் திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேச்சை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எனக்கு அதுவரை பொறுமை இல்லை. படிப்பால் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதை உடனே காட்டிவிட முடிவு செய்தேன்.

அம்மாவின் விதைக் கலயங்கள் அடுப்படி மூலையில் வரிசையாக இருக்கும். சாம்பலில் புரட்டிய விதையைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மேலே சாணி மெழுகியிருப்பாள். அவற்றில் நான்கு அவரை: கீழத்தெரு அவரை, சம்பந்தி அவரை, மேஸ்திரி வூட்டு அவரை, செட்டிகுளத்து அவரை. கொடுத்தவரின் வீடோ தெருவோ ஊரோதான் விதைக்கும் பெயர். எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் பெண்கள் காய்கறி விதைக்குக் காசு வாங்குவதில்லை. கேட்டால் கொடுப்பார்கள். கொடுத்தவளுடையது அழிந்துபோனால், வாங்கியவளிடம் வந்து திரும்பக் கேட்பாள். அதனால் ஒன்றோடு ஒன்று சேராமல் வைத்திருப்பது வாங்கியவள் பொறுப்பு. அம்மாவிடம் போனால் எந்த விதையும் கிடைக்கும் என்று சுற்றுப்பட்டில் பேர்.

என் பாடப்புத்தகத்திலோ அவரை ஒன்றுதான். ஒரு படம், கீழே ஒரு சொல். ஒரு பொருளுக்கு நான்கு கலயம் எதற்கு? அம்மா களையெடுக்கப் போயிருந்த பகலில் நான்கையும் ஒரே பானையில் கொட்டினேன். சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் காகிதம் ஒட்டி, இடையின ‘ர’வா வல்லின ‘ற’வா என்று புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ‘அவரை’ என்று எழுதினேன். பிழையில்லாமல் எழுதியதில் எனக்கு இன்றும் பெருமைதான். காலிக் கலயங்களைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

அம்மா வந்து காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். “எம்புள்ள எழுதுனதா?” என்று சிரித்தாள். அப்புறம்தான் கவிழ்ந்து கிடந்த கலயங்கள் கண்ணில் பட்டன.

“இதுல இருந்ததெல்லாம் எங்கடி?”

பானையைக் காட்டினேன். அவள் அடிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கறுப்பு விதை பிரிந்தது, சிவப்பும் பிரிந்தது. மேஸ்திரி வீட்டதும் செட்டிகுளத்ததும் ஒரே பழுப்பு. காய்த்தால்தான் முன்னது பட்டையாகவும் பின்னது குச்சியாகவும் தெரியும். மறுநாள் அந்தச் செட்டிகுளத்து விதையைத்தான் கேட்டுச் சித்தி வரப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

சித்தி அம்மாவின் தங்கை; செட்டிகுளத்தில் வாழ்க்கைப்பட்டவள், அந்த விதையை அம்மாவுக்குக் கொடுத்தவளும் அவள்தான். காலம் தவறிப் பெய்த மழையில் அவள் விதைக்கு விட்டிருந்த நெற்றெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. தையில் காய்க்கத் தொடங்கி, கூலிவேலை இல்லாத பங்குனியிலும் தண்ணீர் ஊற்றாமலே காய்க்கிற கொடி அது. அவள் வீட்டுக் குழம்புக்கு அந்த மாதம் வேறு காய் கிடையாது.

அவள் வந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் வாசலில் இருந்தார்கள். அம்மா பழுப்பு விதை கிடந்த முறத்தை அவள் முன்னால் வைத்து, மேஸ்திரி வீட்டதும் இதில் கலந்துவிட்டது என்றாள். என் காகிதம் காலையிலேயே அடுப்புக்குப் போயிருந்தது.

“என்னக்கா இது? ரெண்டு வூட்டு சனத்தையும் ஒரே பந்தியில ஒக்கார வச்சிட்டே?”

“கை தவறிடுச்சுடி. தூக்கக் கலக்கத்துல நான்தான் கொட்டிட்டேன்.”

“ஒனக்கே கை தவறுனா நாங்கள்லாம் எங்கக்கா போவோம்?” சித்தி சிரித்தாள். ஆனால் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரியப்பாவும் சிரித்தார். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். அம்மா குடத்தை என் இடுப்பில் வைத்துத் தண்ணீருக்கு விரட்டினாள்.

பழுப்பு விதையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடியில் குழிக்கு ஒன்றாக ஊன்றினார்கள். தையில் எங்கள் வேலியில் நான்கு கொடியும் சித்தி வேலியில் மூன்று கொடியும் குச்சியாகக் காய்த்தன. இரண்டு வகையையும் தனித்தனியே நெற்றுக்கு விட்டார்கள். விதை தப்பித்தது, அம்மாவின் பேர் தப்பவில்லை. “கலக்காத வெதைதானே?” என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் முந்தானையை நீட்டினார்கள். அம்மா அள்ளிப் போட்டாள். நான் அதற்குள் ஆறாம் வகுப்பில் அரைப்பரீட்சை எழுதியிருந்தேன்.

என் எழுத்தை அடுப்பில் போட்டவள் என்று அம்மாமேல் எனக்கு வெகுநாள் கோபம். வாசலில் பெரியப்பா உட்கார்ந்திருக்கும்போது அவள் எதற்காக அந்தப் பழியை எடுத்துக்கொண்டாள் என்பது அந்த வயதுக்கு எட்டவில்லை.

இப்போது ஆசிரியப் பயிற்சி முடித்திருக்கிறேன். கீழத்தெருவுக்கும் மேஸ்திரி வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போய்ச் சொல்லியாயிற்று. சித்திதான் பாக்கி இருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் பஸ் ஏறிப் போய், கலந்தது அம்மா இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.